யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள்? – மருந்துகள் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தம்பிக்கு 46 வயது. நாள்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. அவன் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், புதிய மருந்து ஒன்றின் மூன்றாம் கட்டப் பரிசோதனையில் சேர விருப்பமா என்று கேட்டு, படித்துப் பார்த்துக் கையெழுத்திட ஒரு தடித்த தாள்கட்டைக் கொடுத்திருக்கிறார்கள். "உன்னைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்று வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அவன் சேரலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: சேருவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் தம்பிதான். அந்த முடிவை விவரம் தெரிந்து எடுக்க அவருக்கு என்ன தேவையோ, அதைச் சொல்கிறேன்.

மூன்றாம் கட்டத்துக்கு வந்திருக்கும் மருந்து, ஆய்வகத்திலும் விலங்குகளிலும் பார்க்கப்பட்டு, முதல் கட்டத்தில் சில பத்துப் பேரிடம் பாதுகாப்பும், இரண்டாம் கட்டத்தில் சில நூறு நோயாளிகளிடம் சரியான அளவும் பலனும் ஆராயப்பட்ட பிறகே அங்கு வந்து சேருகிறது. அப்படி இருந்தும், மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கும் மருந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் கடைசியில் விற்பனைக்கு ஒப்புதல் பெறுகிறது. எனவே புதிய மருந்து பழையதை விடக் கட்டாயம் நல்லதாக இருக்கும் என்ற நம்பிக்கையோடு யாரும் சேரக் கூடாது. உங்கள் தம்பிக்குப் புதிய மருந்து கிடைக்குமா, ஒப்பிடுவதற்கான சிகிச்சை கிடைக்குமா என்பதையும் குலுக்கல் முறைதான் தீர்மானிக்கும். பல சோதனைகளில் எது கிடைத்தது என்பது மருத்துவருக்கே தெரியாது.

இவ்வளவு பாடு எதற்கு, அனுபவமுள்ள மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்துச் சொன்னால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் மறக்கக் கூடாத சான்று ஒன்று உண்டு. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இதயம் இடையிடையே தாளம் தப்பித் துடிப்பதுண்டு. அப்படித் துடிப்பவர்கள் திடீரென இறக்கும் வாய்ப்பும் அதிகம். ஆகவே தாளம் தப்புவதை அடக்கினால் உயிர் பிழைப்பார்கள் என்று நம்பி, 1980களில் அமெரிக்க மருத்துவர்கள் ஃபிளெக்கைனைட், என்கைனைட் போன்ற மருந்துகளை நல்லெண்ணத்தோடு எழுதிக்கொடுத்து வந்தார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்தால் துடிப்பு சீராகத்தான் இருந்தது. முறையான சோதனை ஒன்றை நடத்தியபோதுதான், வெற்று மாத்திரை பெற்றவர்களை விட இந்த மருந்துகளைப் பெற்றவர்கள் அதிகமாக இறக்கிறார்கள் என்பது 1989இல் வெளிப்பட்டு, சோதனையே பாதியில் நிறுத்தப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்த முன்னேற்றத்துக்குப் பின்னால் மரணங்கள் மறைந்திருந்தன. எந்தத் தனி மருத்துவரும், எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், தன்னிடம் வந்த நோயாளிகளை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

நம் ஊரிலேயே நடந்த, உலகத்துக்கு வழிகாட்டிய சோதனையையும் உங்கள் வீட்டாரிடம் சொல்லுங்கள். காசநோயாளிகளை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்து, ஓய்வும் நல்ல உணவும் கொடுத்தால்தான் குணமாகும் என்பது ஒரு காலத்தில் உறுதியான நம்பிக்கை. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் – சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான் – நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில், போதிய உணவின்றி, வேலைக்கும் போய்க்கொண்டு வாழ்ந்த ஏழைகள். ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் குணம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. வீட்டில் உடன் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவுகள் வெளியான பிறகு, உலகெங்கும் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து எடுக்கும் முறை வழக்கமாயிற்று. அந்தச் சென்னை நோயாளிகளை எலிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் தந்த பதிலால் பிழைத்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

இனி, தம்பி பார்க்க வேண்டியவை. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, அந்தத் தாள் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். பரிசோதனை, இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி தந்திருக்க வேண்டும். சோதனையால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை நின்றுவிடாது என்பதும் அதில் இருக்க வேண்டும். "இன்றே கையெழுத்துப் போடுங்கள்" என்று அவசரப்படுத்துகிற இடத்தில் சேர வேண்டாம்.

கேள்வி: 19 வயதான என் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். இரண்டரை வருடம் கீமோதெரபி கொடுத்துக் குணமாகிவிட்டது என்றார்கள். இப்போது மறுபடி வந்துவிட்டது. கார்-டி செல் சிகிச்சை என்று ஒன்று இருப்பதாகவும் அது இந்தியாவிலேயே கிடைப்பதாகவும் படித்தேன். அது உண்மையிலேயே குணப்படுத்துமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் நிலை எனக்குப் புரிகிறது, நம்பிக்கையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாமல் எழுதுகிறேன்.

நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்கள் எனப்படும் வெள்ளையணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றுச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி19 என்னும் புரதத்தை அடையாளம் காணும் ஏற்பிக்கான மரபணுவை, நோய் உண்டாக்க முடியாதபடி மாற்றிய வைரஸ் ஒன்றின் மூலம் அவற்றுக்குள் செலுத்தி, ஆய்வகத்தில் பெருக்கி, மீண்டும் அவருடைய உடலிலேயே ஏற்றுவதுதான் இந்தச் சிகிச்சை. ஏற்றுவதற்குச் சில நாட்கள் முன்பு, புதிய செல்களுக்கு இடம் கிடைப்பதற்காகச் சிறிது கீமோதெரபியும் கொடுப்பார்கள். இது ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே தயாரிக்கப்பட வேண்டிய மருந்து. ஒருவருடையதை இன்னொருவருக்குத் தர முடியாது.

2012 ஏப்ரலில், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் எமிலி வைட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமிக்கு, குழந்தைகளில் முதலாவதாக, இது செலுத்தப்பட்டது. செல்கள் வேலை செய்யத் தொடங்கியதும் உடலில் அழற்சிப் புரதங்கள் வெள்ளமாகப் பெருகி, கடும் காய்ச்சலோடு ரத்த அழுத்தம் சரிந்து, செயற்கைச் சுவாசத்தில் உயிருக்குப் போராடினாள். ரத்தப் பரிசோதனையில் இன்டர்லூகின்-6 என்ற புரதம் மிக அதிகமாக இருப்பதைக் கண்ட மருத்துவர்கள், அதைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அது முடக்குவாதத்துக்கென்று தயாரிக்கப்பட்ட மருந்து. சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. சில வாரங்களில் புற்றுநோயும் காணாமல் போயிற்று. பத்தாண்டுகளுக்குப் பிறகும் அவளுக்கு நோய் திரும்பவில்லை. இன்று கார்-டி செல் கொடுக்கும் எல்லா மருத்துவமனைகளிலும் டோசிலிசுமாப் கைவசம் இருப்பதற்கு அந்தச் சில மணி நேரமே காரணம்.

அமெரிக்காவில் 2017 ஆகஸ்டில் இந்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைத்தபோது விலை 4,75,000 டாலர். மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற இந்தியத் தயாரிப்புக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. அப்போது அதன் விலை, அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. சாதாரணக் குடும்பத்துக்கு அதுவும் மலைபோன்ற தொகை என்பதை நான் அறிவேன். அந்த ஒப்புதல், பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவில் தோன்றும் லுகேமியாவும் (ரத்தப் புற்றுநோய்) லிம்ஃபோமாவும் (நிணநீர்ப் புற்றுநோய்) வழக்கமான சிகிச்சைக்குப் பிறகு திரும்பிவந்த, அல்லது கட்டுப்படாத, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள நோயாளிகளுக்கானது. ஒப்புதலுக்கு அடிப்படையான சோதனையில், பலனை மதிப்பிட முடிந்தவர்களில் சுமார் 73 சதவீதம் பேருக்கு நோய் குறைந்தோ மறைந்தோ போனது. அப்படிக் குறைந்தவர்களில் சிலருக்கு நோய் மறுபடியும் வருவதுண்டு. நரம்பு மண்டலப் பாதிப்பு, ரத்த அணுக்கள் குறைதல், நோய்த்தொற்று ஆகியவற்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். இவ்வகைச் சிகிச்சைக்குப் பின் மிக அரிதாக டி செல்களிலேயே புற்றுநோய் தோன்றலாம் என்ற எச்சரிக்கையை எல்லாத் தயாரிப்புகளின் குறிப்பிலும் சேர்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜனவரியில் கேட்டுக்கொண்டது.

மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இவை: மகனுக்கு வந்திருப்பது பி செல் வகையா, புற்றுச் செல்களில் சிடி19 இருக்கிறதா, செல்கள் தயாராகும் வாரங்களில் நோயை எப்படிக் கட்டுக்குள் வைப்பீர்கள், இதற்குப் பிறகு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் தேவைப்படுமா. முதல் இரண்டுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால், தாமதிக்காமல் இதைக் கொடுக்கும் மையத்துக்குக் கடிதம் கேளுங்கள். சென்னையிலும் கொடுக்கிறார்கள்.

கேள்வி: 5 வயதுப் பேரனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் பேச்சு வந்துவிடும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்லி, ஒரு தவணைக்கு இரண்டு லட்சம் கேட்கிறார்கள். மகன் நிலத்தை விற்கலாமா என்று யோசிக்கிறான்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, நிலத்தை விற்க விடாதீர்கள். இதை நான் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், 2 முதல் 7 வயது வரையிலான 180 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஸ்டெம் செல்கள் உள்ள தொப்புள்கொடி ரத்தமும் மற்றவர்களுக்கு வெற்று மருந்தும் ஏற்றிப் பார்த்து, 2020இல் முடிவை வெளியிட்டது. எதைச் சாதிப்பதற்காக அந்தச் சோதனை தொடங்கப்பட்டதோ, அந்தச் சமூகத் தொடர்புத் திறனில் ஆறு மாதங்களில் இரு தரப்புக்கும் வேறுபாடு காணப்படவில்லை. குழந்தைகள் வளர வளரவும் பயிற்சியாலும் இயல்பாகவே சில சொற்களைப் பேசத் தொடங்குவார்கள். ஊசிக்குப் பிறகு அது நடந்தால், ஊசியால் நடந்தது என்றே பெற்றோருக்குத் தோன்றும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தரப்பு இல்லாதபோது அந்த எண்ணத்தைச் சரிபார்க்க வழியே இல்லை.

2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைப்பது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தெளிவாக்கியது. ஆபத்தும் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஒரு கிளினிக்கில், கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைக் காசு கொடுத்துக் கண்ணுக்குள் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்த செய்தியை 2017இல் மருத்துவ இதழ்கள் பதிவு செய்தன.

ஸ்டெம் செல் என்ற துறையே பொய் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். வேலூர் சிஎம்சியில் கடுமையான ஹீமோஃபிலியா ஏ நோயுள்ள ஐந்து பேருடைய ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, அவற்றில் ரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணிக்கான மரபணுவைச் சேர்த்துத் திருப்பி ஏற்றினார்கள். அடிக்கடி மூட்டுகளுக்குள் ரத்தம் கசிந்து அவதிப்பட்ட அவர்களுக்கு அதன் பிறகு கசிவு வரவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. அது பதிவு செய்யப்பட்ட சோதனையாக, கண்காணிப்போடு, எல்லோரும் சரிபார்க்கும்படி நடந்தது. சோதனையில் இருக்கும் சிகிச்சைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பதே நெறி. உங்களிடம் இரண்டு லட்சம் கேட்பவர்களிடம் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைப் பேச்சுப் பயிற்சிக்கும் செயல்முறைப் பயிற்சிக்கும் செலவிடுங்கள். 5 வயது அதற்கு ஏற்ற வயது.

கேள்வி: பிறக்கப் போகும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிக்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தேவையில்லை. பிற்காலப் பயனுக்கென்று தனியார் வங்கியில் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கவில்லை. குழந்தைக்கே லுகேமியா வந்தால்கூட அதே ரத்தத்தைப் பொதுவாகப் பயன்படுத்த மாட்டார்கள். நோய்க்கான மாற்றம் அந்தச் செல்களிலும் இருக்கலாம். மூத்த குழந்தைக்குத் தலசீமியா (பரம்பரை ரத்தச்சோகை) போன்ற நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: கட்டட வேலை செய்கிறேன். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு "செட்" மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். இரண்டு வேளையில் வலி பறந்துவிடும். ஒரு வருடமாகிறது. இப்போது முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரையும் இருப்பதாகச் சொல்கிறார்கள். மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: சகோதரி, முதலில் ஒன்று: நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். கடைக்காரர் பிளேடால் வெட்டிக் காகிதத்தில் மடித்துத் தரும் அந்தச் செட்டில், வலி மாத்திரையோடு, பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒன்றும் இருக்கும். முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் அதற்கான அடையாளங்கள். நீண்ட நாள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்தால், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். மாத்திரையைத் திடீரென விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். அரசு மருத்துவமனைக்குப் போய், மிச்சமிருக்கும் மாத்திரைகளைக் கையில் கொண்டு காட்டி, "ஒரு வருடமாக இதைச் சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். அளவை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துவார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பின் வலிமை, சிறுநீரகம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டெக்ஸாமெத்தசோன் கெட்ட மருந்தா என்றால், இல்லை. கொரோனா காலத்தில் அதிக உயிர்களைக் காத்த மருந்துகளில் அதுவும் ஒன்று. 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி சோதனையில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 41.4 சதவீதம் பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனும் பெற்றோரில் 29.3 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடமோ எந்தப் பலனும் இல்லை, இறப்பு 14.0 சதவீதத்துக்கு 17.8 என்று, சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஒரே நோய், ஒரே மாத்திரை, ஒரே அளவு. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் மட்டும்தான் மாற்றம். அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில், இந்தியாவில் லேசான காய்ச்சலுக்கும், வேண்டிய அளவுக்கு மேலும், வேண்டிய நாட்களுக்கு மேலும் ஸ்டீராய்டுகள் விழுங்கப்பட்டன. 40,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய கருப்புப் பூஞ்சை நோய்க்கு, கட்டுப்படாத சர்க்கரையும் இந்த மிகைப் பயன்பாடும் முக்கியக் காரணங்களாயின. மருந்து என்று நாம் சொல்வது மாத்திரைக்குள் இருக்கும் பொருளோடு முடிந்துவிடுவதில்லை. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று சோதித்துத் தெரிந்துகொண்ட அறிவும் சேர்ந்தால்தான் அது மருந்து.

சீட்டில்லாமல் இவற்றை விற்பது சட்டத்துக்குப் புறம்பானது. ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்க முடியாததால்தான் நீங்கள் கடைக்குப் போனீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நெருக்கடியைப் பயன்படுத்திக்கொண்டு விற்றவர் மீதுதான் என் கோபம்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்பில் பரவிவிட்டது. இரவெல்லாம் வலியில் துடிக்கிறார். மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார். "அது போதை மருந்து, பழகிவிட்டால் விடாது" என்று சித்தப்பா தடுக்கிறார். வலி மாத்திரையைப் போதைக்குப் பயன்படுத்திய இளைஞர்கள் கைது என்று தினமும் செய்தி வருவதால் எனக்கும் பயமாக இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இன்றிரவே கொடுங்கள். மருத்துவர் எழுதிய அளவில், எழுதிய நேரத்தில்.

புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபின் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986லேயே வகுத்துத் தந்துவிட்டது. வலி வந்த பிறகு கொடுப்பதை விட, வலி தலைதூக்கும் முன்பே மணிக்கணக்குப்படி கொடுப்பதுதான் முறை. உடல் அந்த மருந்துக்குப் பழகும். ஆகவே நிறுத்த வேண்டி வந்தால் படிப்படியாகக் குறைப்பார்கள். அது அடிமையாவது ஆகாது. தீங்கு வருவது தெரிந்தும் மருந்தைத் தேடி அலைவதுதான் அடிமைத்தனம். வலிக்காக முறைப்படி எடுக்கும் முதிய புற்றுநோயாளியிடம் அது அரிது.

உங்கள் சித்தப்பாவின் அச்சத்துக்கும் காரணம் இருக்கிறது. 1980இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளிடையே இவ்வகை மருந்துக்கு அடிமையானவர்கள் மிகச் சிலரே என்று ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அறுநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டின; அது மருத்துவமனையில் மருந்து பெற்றவர்களைப் பற்றியது என்பதை அவற்றில் பெரும்பாலானவை சொல்லவில்லை. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் ஆக்ஸிகோடோன் என்ற மார்ஃபின் வகை மருந்து தாராளமாக எழுதப்பட்டது. அடிமையாகும் அபாயம் குறைவு என்று பொய்யாக விளம்பரம் செய்ததை 2007இல் அதை ஆக்ஸிகான்டின் என்ற பெயரில் விற்ற பர்டியூ நிறுவனமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது; அதற்குள் ஆயிரக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். நம் செய்தித்தாளில் வரும் இளைஞர்களோ, விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையை ரத்தக் குழாயில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரை தயாரிக்கும்போது சேர்க்கும் டால்க் போன்ற தூள்கள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும். மருந்து மூச்சை அடக்கும். பகிர்ந்துகொள்ளும் ஊசி எச்ஐவியையும் ஹெபடைட்டிஸ் சி-யையும் பரப்பும். டிரமடால் என்ற வலி மருந்து 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது, இத்தகைய மருந்துகள் போதைக்காகப் பயன்படுத்தப்பட்டதால்தான். அந்தப் பிள்ளைகளுக்கும் தேவை சிகிச்சையே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் அது கிடைக்கும்.

இவை எதுவும் உங்கள் அம்மாவின் வலியைத் தீர்க்காமல் விடுவதற்குக் காரணமாகாது. நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் கிடைக்காமலே எத்தனையோ புற்றுநோயாளிகள் துடித்து இறந்தார்கள். அந்த நிலை மாறுவதற்காகத்தான் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபினால் பெரும்பாலோருக்கு மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். முதல் சில நாட்கள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கும், பிறகு குறையும். எழுப்பினால் விழிக்காத அளவுக்கு அயர்ந்தாலோ, மூச்சு மிக மெதுவானாலோ உடனே மருத்துவரை அழையுங்கள். மாத்திரைகளை எண்ணிப் பூட்டி வையுங்கள். அளவு மாற்றும்போது மீந்துபோவதை வீட்டில் போட்டுவைக்காமல், தந்த மருத்துவமனையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.